பார்த்துக்கொள்ளும் வேலை

உங்கள் மின்விசிறியில் பேரிங் தேய்ந்துவிட்டது, ஐயா. கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டால் இன்னும் ஒரு கோடை ஓடும். நான் வேலை பார்த்த இடமாக இருந்தால் இந்தச் சத்தம் கேட்டதும் ஏணி எடுத்திருப்பேன். இங்கே அது என் வேலை இல்லை.

யார் வேலை எது என்று பிரிப்பதுதான் என் தொழில். அதனால் சொன்னேன்.

காலையிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். பதினோராம் அறையை அன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது மனிதனா, மெஷினா? போர்மேன் பாண்டிச்செல்வம் கவனிக்காமல் விட்டாரா, நான் மாட்டிய மெஷின் சொல்லாமல் விட்டதா? இரண்டில் ஒன்றை எழுதினால் உங்கள் வேலை முடிந்துவிடும். இறந்துபோனவர் மேல் எழுதுவது சுலபம். போன தடவையும் இப்படித்தான் அவசரமாக ஒன்றை எழுதினார்கள். மறுபடியும் தப்பாக எழுதப் போகிறீர்கள் என்று தெரிந்ததால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

என் பெயர் முனியராஜ். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துப் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்து சென்னையில் கொஞ்ச நாள் இருந்தேன். ஒத்துவரவில்லை. திரும்பி வந்தபோது சண்முகவேல் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் ஆள் தேடினார்கள். ஆமத்தூர் தாண்டி சிவகாசிக்குப் போகிற வழியில் இடப்பக்கம் உள்ளே போனால் வரும். தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள், நடுவில் வேப்பமரங்கள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்க வேண்டும் என்பதற்காக அப்படி.

அறைக்கு ஒரு பெட்டி மாட்டினேன். உள்ளே இருக்கும் மருந்தின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் அது பார்க்கும். ஈரம் ஏறினால் வெடிமருந்து தானாகவே சூடாகும். வாசலுக்கு வெளியே ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. நான் செய்த பிரிவினை எளிமையானது. பார்ப்பது மெஷின். நிற்பது மனிதன். மெஷினுக்கு அசதி கிடையாது, பழகிப்போவது கிடையாது. மனிதனுக்கு இரண்டும் உண்டு. ஆகவே பார்க்கிற வேலையை அவனிடமிருந்து எடுத்துவிட வேண்டும். இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு பெரியது. கடைசிவரை யாருக்கும் புரியவில்லை.

முதலில் அண்ணாச்சிக்கே புரியவில்லை.

"நிக்கணும் தம்பி, நிக்க வேண்டாம்னா சொல்லுதேன்?" என்றார். "ஆனா ஒம் பொட்டி ஒரு மேகம் கருத்தாலே செவந்துபோகுது. சீசன்ல அம்புட்டுப் பேரையும் வேப்பமரத்தடியில உக்கார வச்சா வடக்க லோடு எப்படிப் போகும்? ஒரு பட்டன் வையி. போர்மேன் கையால தொட்டுப் பாத்து, ஒண்ணுமில்லன்னா அமுக்கிட்டுப் போகட்டும்."

"அப்படி வச்சா மெஷின் எதுக்கு அண்ணாச்சி?"

"செக்கிங்குக்கு வர்ற ஆபீசருக மாட்டச் சொல்றாக, மாட்டியாச்சு. வேலையும் நடக்கணும்லா?"

பட்டன் வைத்தேன். எச்சரிக்கையைப் பார்த்துவிட்டேன் என்று மனிதன் ஒப்புக்கொள்கிற பட்டன் அது. அமுக்கினால் சிவப்பு விளக்கு கொஞ்ச நேரத்துக்குப் போய்விடும். வேறு எதுவும் நடக்காது. சூடு இருந்தபடியே இருக்கும். பட்டனில் மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தது. எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். அமங்கலம். குளிர வை என்போம். அம்மா இன்றைக்கும் டியூப்லைட்டைக்கூடக் குளிர வைக்கத்தான் சொல்வாள். நானும் 'குளிர வை' என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து வந்து ஒட்டினேன். சிவகாசியில் ஸ்டிக்கர் அடிக்க டீ ஆறுகிற நேரம் போதும்.

என் மனைவி வேல்விழி அப்போது ஏழாம் அறையில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். ஆமத்தூர்க்காரி. பன்னிரண்டாவது முடித்தவள். கம்பெனியில்தான் பழக்கம். மெஷினை அவள் என் சின்னவீடு என்பாள். "என்னங்க, ஒங்க சின்னவீடு இன்னைக்கு மூஞ்சி செவந்து நிக்கா. காலையில வெரட்டிட்டு வந்தீகளோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஸ்டிக்கரைப் பார்த்ததும் அதையும் விடவில்லை.

"குளிர வையின்னா என்ன செய்யணும்? எளநி வாங்கிக் குடுக்கணுமா அவளுக்கு?"

"லைட்டைக் குளிர வைக்க."

"அப்போ லைட்டைன்னு எழுத வேண்டியதுதான?"

"இடம் இல்லை."

"ஒத்த வார்த்தைக்கு எடம் இல்ல, இதுல எங்க உசிரையெல்லாம் காப்பாத்தப் போறாளாக்கும்."

கேலியாகச் சொன்னது. குறை இருந்தால் குறையாகச் சொல்ல வேண்டும். கேலியாகச் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது?

பாண்டிச்செல்வம் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தார். சிவப்பு எரிந்தால் அறைக்குப் போவார். புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். பிறகு பட்டனை அமுக்குவார். சீசன் சூடுபிடித்ததும் சுவரை விட்டார். பிறகு மூக்கையும் விட்டார். நடந்துபோகிற போக்கிலேயே அமுக்கிவிட்டுப் போனார். "மழைக்கு மொத ஆளா அழுவுற பொட்டி இது" என்பார். நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார். இரண்டாவது முறை சொன்னேன். அதே பதில்தான்.

போன வருடம் புரட்டாசியில் ஒரு காலை, ஏழாம் அறையில் சிவப்பு எரிந்தது. நான் சென்சார் வாங்க சிவகாசிக்குப் போயிருந்தேன். அதனால் நடந்ததைக் குருவம்மாள் அத்தை சொல்லித்தான் தெரியும். வேல்விழிக்கு அவர் சித்தி முறை, அதே தெரு, அதே அறையில் வேலை. என்னை மாப்பிள்ளை என்பார்.

வேல்விழி வாசலில் நின்று, "அண்ணே, செவப்பு எரியுதே" என்றிருக்கிறாள். பாண்டிச்செல்வம் வந்து பட்டனை அமுக்கினார். விளக்கு போனது.

"குளுந்துருச்சா அண்ணே?"

"குளிர வச்சாச்சு தாயி. உள்ள போ, நேரமாகுது."

அவள் போனாள். அத்தை தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனதால் பின்தங்கினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. போன் வந்தது. அன்று வாங்கிய சென்சாரை அந்த வாரமே எட்டாம் அறையில் மாட்டினேன். வாங்கியாகிவிட்டது, வைத்திருந்து என்ன செய்வது?

விசாரணைக்கு அதிகாரி வந்தார். உங்களை மாதிரித்தான், மனிதனா மெஷினா என்று கேட்டார். பாண்டிச்செல்வம் அழுதுகொண்டே, "குளிர வைன்னு போட்டிருந்துச்சு சார், குளிர வச்சேன்" என்றார். அதிகாரி வெளியே போய்ப் பக்கத்து அறையின் பட்டனைப் பார்த்தார். அதில் 'விளக்கை நிறுத்து' என்று இருந்தது. பழைய ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப்போயிருந்ததால் அவர் வருவதற்கு முந்தின நாள்தான் எல்லா அறைக்கும் மாற்றியிருந்தேன். அதிகாரி திரும்பி வந்து பாண்டிச்செல்வத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மனிதத் தவறு என்று எழுதினார்.

தப்பு என்று நான் சொல்லவில்லை. பாதி என்கிறேன். தவறு செய்கிற மனிதனை மறுபடி அதே இடத்தில் நிறுத்தக் கூடாது என்று யாராவது எழுத வேண்டுமல்லவா? நான் நாலு அலுவலகம் ஏறி இறங்கினேன். ஓர் இடத்தில், உயிர் போனது மட்டும்தான் எங்கள் விஷயம், வேலை முறை எங்களது இல்லை என்றார்கள். வேலை முறை பார்க்கிற இடத்தில், மருந்து சம்பந்தப்பட்டது வேறு பிரிவு என்றார்கள். மருந்து பார்க்கிற இடத்தில், மெஷின் விற்றவனைக் கேள் என்றார்கள். விற்றவன், நாங்கள் பெட்டி மட்டும்தான் கொடுப்போம், எப்படிப் பயன்படுத்துவது என்பது மாட்டுகிறவர் முடிவு என்றான். மாட்டியவன் நான். சுற்றி என் மேசைக்கே வந்து சேர்ந்தேன். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நடுவில் விழுந்தது மட்டும் யாருடையதும் இல்லை.

பாண்டிச்செல்வத்தைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்துவிட்டார். கலவை தெரிந்த போர்மேன் கிடைப்பது கஷ்டம் என்றார் அண்ணாச்சி. என்னிடம் தனியாக, "அவனும் பிள்ளகுட்டிக்காரன் தம்பி. மனசுல வச்சுக்கிடாத" என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே சாதாரணமாக இருந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. அத்தை தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்து வைப்பார். சில நாள் சாப்பிடுவேன்.

ஒருநாள் அவர் சட்டியைக் கழுவிக்கொண்டே, "மாப்ள, அந்தப் பட்டன்ல முந்தி வேற என்னமோ எழுதியிருந்துச்சுல்ல? வேலுகூட அத வச்சுத்தான் ஒங்களக் கேலி பண்ணிக்கிட்டுக் கெடப்பா" என்றார்.

"ஞாபகம் இல்லை அத்தை" என்றேன்.

"எனக்கும் சரியா நெனப்பு வரல. வயசாயிருச்சு" என்றார்.

மாசி மாதம் பாண்டிச்செல்வம் என்னை டீக்கடையில் பிடித்துக்கொண்டார். எதிரில் உட்கார்ந்து டீயைத் தள்ளிவைத்தார்.

"தம்பி, என்னய நீ எப்படி வேணும்னாலும் நெனச்சுக்கோ. ஆனா நான் பொய் சொல்லல. அதுல குளிர வைன்னுதான் இருந்துச்சு. அமுக்குனா உள்ள காத்தாடி ஏதோ ஓடி ரூமு குளுருமாக்கும்னு நெனச்சேன். எம் பிள்ள மேல சத்தியம். அதான் சுவத்தத் தொடாமயே அமுக்குனேன். அந்தப் பிள்ளையப் போன்னு நான் வேணும்னா சொல்லுவேன்?"

"சொல்லிக் கொடுத்தேன்ல அண்ணே, அது லைட்டுக்குன்னு."

"நீ சொல்லிருப்ப. லோடு ஏத்துற எரச்சல்ல நான் தலைய ஆட்டிருப்பேன். எழுதியிருந்ததத்தான நான் பாப்பேன்? நீதான ஒட்டுன, ஒனக்குத் தெரியும்ல தம்பி? ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா..."

"டீ ஆறுது அண்ணே. குடிங்க."

அன்றுதான் அவர் திருந்த மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஓர் உயிர் போன பிறகும் பட்டனைக் குறை சொல்கிறார். பிள்ளை மேல் சத்தியம் செய்கிறார். இன்றைக்கு என்னிடம் சொன்னவர் நாளைக்கு வேறு யாரிடமும் சொல்லமாட்டார் என்பது என்ன நிச்சயம்? எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், குளிர வைப்பது விளக்கைத்தான்.

பங்குனியில் அண்ணாச்சி கூப்பிட்டார். "இனிமே மனுசன் கையில ஒண்ணும் விடாத தம்பி. பட்டனும் வேண்டாம், கிட்டனும் வேண்டாம். மெஷினு போன்னா போகணும், நில்லுன்னா நிக்கணும். நீ ஒரு ரூம்ல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கோ." இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேல்விழி போக வேண்டியிருந்தது அதற்கு.

பட்டன்களைக் கழற்றினேன். ஆபீஸ் பக்கத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். எல்லா அறையின் சூடும் ஈரமும் எண்ணாக என் திரையில் ஓடும். ஒவ்வொரு வாசலிலும் கேமரா, பேச ஒரு மைக், அங்கே ஒரு ஸ்பீக்கர். அவர்கள் பேசுவதும் எனக்குக் கேட்கும். சிவப்பு எரிந்தால் கதவே திறக்காது.

பட்டன் போனதும் பாண்டிச்செல்வம் பழையபடி சுவரைத் தொட ஆரம்பித்தார். பச்சை எரியும்போதுகூடப் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். பயம் வந்திருந்தது. பயம் நல்ல கருவிதான். ஆனால் அது எனக்கு இடைஞ்சல்.

ஆகவே மெஷினை நான் மிக நன்றாக ஆக்கினேன். இதை நீங்கள் கவனமாக எழுத வேண்டும். யாரும் இதைச் செய்ததில்லை. மேகம் கருத்தால் சிவக்கிற குறையைப் போக்கினேன். தேவை இருந்தால் மட்டும் சிவக்கும். சிவந்தால் காரணம் இருக்கும். பாண்டிச்செல்வம் தொட்டுப் பார்த்துச் சூடு என்று நினைத்த நாளெல்லாம் மெஷினும் சிவந்தது. அவருக்குச் சந்தேகம் வந்த நாள் மெஷின் பச்சை காட்டியது, ஒன்றும் ஆகவில்லை. சித்திரை, வைகாசி இரண்டிலும் ஒரு நாள்கூட அது பொய் சொல்லவில்லை. ஒரு மனிதனின் நம்பிக்கையை விலைக்கு வாங்க முடியாது, ஐயா. பயிர் மாதிரி வளர்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை மைக்கில், "நீங்க எதுக்கு அண்ணே சிரமப்படுறீக, மெஷின் பாத்துக்கும்" என்றேன். அவர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மன்னித்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். ஆனியில் சுவரைத் தொடுவதை விட்டார். அப்புறம் மூக்கு. அதே வரிசைதான்.

பதினோராம் அறை மிச்ச மருந்து வைக்கிற அறை. அன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்பது விதி. சீசனில் மிஞ்சும். முன்பெல்லாம் பாண்டிச்செல்வம் ஆட்களைத் திட்டித் தீர்க்கவைப்பார். இப்போது, மெஷின் இருக்கிறதே என்று வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். காலையில் அந்த அறையை முதலில் திறக்கிறவர் அவர். தனியாகத்தான் திறப்பார். இது எனக்கு முக்கியம். வேறு யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது என்று நான் நினைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்கிற நாளுக்கென்று மெஷினில் ஓர் அமைப்பு உண்டு. அந்த அறையை மனிதன் பார்த்துக்கொள்கிறான் என்று அதற்குச் சொல்லிவிடலாம். சொன்னால் அது பச்சையை எரியவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எண் மட்டும் என் திரையில் ஓடும். அப்படி மாற்றினால், இன்று நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று போர்மேனுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் முறைதான். சொல்கிற வேலை என்னுடையது.

ஆடி பிறந்ததும் பதினோராம் அறையை மட்டும் அப்படி மாற்றினேன். சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. எதையும் உடைக்கவில்லை. ஒரு வயரையும் வெட்டவில்லை. மருந்தில் கை வைக்கவில்லை. மெஷின், மனிதன் பார்க்கிறான் என்று நினைத்தது. மனிதன், மெஷின் பார்க்கிறது என்று நினைத்தான். இரண்டும் அதனதன் வேலையைச் சரியாகச் செய்தன. அதனால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நீங்கள் மனிதனுக்குள் தேடுகிறீர்கள், மெஷினுக்குள் தேடுகிறீர்கள். அது இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

மற்றதை வானிலையிடம் விட்டேன். அவசரப்படவில்லை. அவர் அமுக்கிவிட்டுப் போன மாதிரி நானும் விட்டுவிட்டேன்.

ஆடிக் கடைசி வெள்ளி. முந்தின சாயங்காலம் மழை பெய்து நின்றிருந்தது. காற்று இல்லை. நல்ல புழுக்கம். பாதிப் பெண்கள் இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டார்கள். லீவு விடச் சொல்லிக் கேட்டதற்கு, ஆர்டர் நிற்கிறது என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் திரையைப் பார்த்தேன். பதினோராம் அறையில் மிச்சம் இருந்தது. எண் ஏறிக்கொண்டிருந்தது. சிவக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

பாண்டிச்செல்வம் வந்தார். பின்னால் குருவம்மாள் அத்தை வந்தார்.

ஆள் குறைவாக இருந்ததால் தட்டுத் தூக்கக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இது நான் செய்த பிரிவினையில் இல்லை. இதற்காக நான் வருத்தப்பட்டேன்.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. வேல்விழி போனதிலிருந்து அவர் விளக்கை நம்புவதில்லை. போர்மேனையும் நம்புவதில்லை. எந்த அறைக்குப் போனாலும் வாசலில் நின்று கேமராவை நிமிர்ந்து பார்த்து என்னைக் கேட்பார். நான் சொன்னால்தான் போவார். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் விடுவதில்லை. எனக்கு அது பிடிக்காது. கேட்டால் பதில் சொல்கிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அவராக ஏற்படுத்திக்கொண்டது.

அன்றும் நின்றார்.

"மாப்ள, போலாமா?"

பாண்டிச்செல்வம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஏத்தா, பச்ச எரியுது, கண்ணு தெரியலயா? இன்னும் என்ன மாப்ளயக் கேட்டுக்கிட்டு? மெஷினு பொய் சொல்லாது."

"மெஷினு சொல்லட்டும். எம் மாப்ளயும் ஒரு வார்த்த சொல்லட்டும்."

"மாமியாக்காரி அனுமதி வாங்கித்தான் வருவா போல. தம்பி, சீக்கிரம் சொல்லி அனுப்பு. இருக்கன்குடிக்குப் போனவளுக திரும்பி வந்துருவாளுக."

அவர் கதவில் கை வைத்தபடி நின்றார். அத்தை கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். திரையில் அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது. வேல்விழியின் அம்மா வழி ஜாடை அது, நெற்றியும் மூக்கும்.

நான் அமைதியாகவே யோசித்தேன். பொறுங்க என்று சொன்னால் இரண்டு பேரும் நிற்பார்கள். ஏன் என்று பாண்டிச்செல்வம் கேட்பார். வந்து சுவரைத் தொடுவார். பச்சை எரிகிற அறையின் சுவர் சுடுகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு முன்னால் நடந்ததையும் அவர் யோசிக்க ஆரம்பிப்பார். அத்தையும் யோசிப்பார். மாதக்கணக்கில் வளர்த்த நம்பிக்கை ஒரு நிமிடத்தில் போய்விடும். மறுபடி வளர்க்க முடியாது. அத்தையை மட்டும் ஏதாவது சொல்லி ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்தேன். அதற்கு நேரம் இருந்தது. ஆனால் அவர் வந்த பிறகு, ஏன் கூப்பிட்டேன் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் எதையும் சட்டென்று மறக்கிற ஆள் இல்லை.

"மாப்ள? இருக்கீகளா?"

மைக்கை அழுத்தினேன்.

"பச்சை எரியுது அத்தை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாண்டிச்செல்வத்தைத் தள்ளிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

நான் போகச் சொன்னதாக எழுதாதீர்கள், ஐயா. விளக்கு என்ன நிறம் என்று மட்டும்தான் சொன்னேன்.